ரிஃப்ளெக்‌ஷன்: டைப் எங்கும் தொலைவதில்லை

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்காக, நாகல் நகர்க் கடை ஒன்றுக்கு ஜாவாவில் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மாங்காய்ப் பூட்டுக்கு ஒரு கிளாஸ், பெல் பூட்டுக்கு ஒரு கிளாஸ். இரண்டுக்கும் பொதுவாகப் ‘பூட்டு’ என்ற இன்டர்ஃபேஸ். எந்த கிளாஸ் வேண்டும் என்பது, புரோகிராம் ஓடும்போதுதான் ஒரு ஃபைலிலிருந்து வெறும் பெயராக வருகிறது. அந்தப் பெயரைக் கொண்டு ஆப்ஜெக்டை உருவாக்க உதவுவதுதான் 1997இல் ஜேடிகே 1.1உடன் வந்த ரிஃப்ளெக்‌ஷன். நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர்கள் இதைப் பற்றித் தவறாக நம்புவது நிறைய.

நம்பிக்கை 1: ரிஃப்ளெக்‌ஷனில் உருவாகும் ஆப்ஜெக்டுக்கு டைப் கிடையாது.

உண்மை: உண்டு. ‘கெட்கிளாஸ்’ என்று கேட்டால் மாங்காய்ப் பூட்டு என்றே பதில் வரும். பெயர் முன்கூட்டியே தெரியாததால், கம்பைலர் அதை வெறும் ‘ஆப்ஜெக்ட்’ ஆகக் கருதுகிறது. அவ்வளவுதான்.

நம்பிக்கை 2: அப்படியானால் புரோகிராம் முழுக்க காஸ்ட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மை: ஒரே இடம் போதும். ‘கிளாஸ்.ஃபார்நேம்’ தரும் கிளாஸை ‘ஆஸ்சப்கிளாஸ்’ வழியாகப் ‘பூட்டு’ வகைதானா என்று சோதித்துவிட்டால், கன்ஸ்ட்ரக்டர் தருவதைக் கம்பைலர் ‘பூட்டு’ என்றே ஏற்கும். பூட்டு அல்லாத கிளாஸ் வந்தால் அந்த வரியிலேயே ‘கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன்’ எழும். அதற்குப் பிந்தைய வரிகளை வழக்கம்போலக் கம்பைலரே காக்கும்.

நம்பிக்கை 3: ஒரு லிஸ்ட்டில் இருப்பது ஸ்ட்ரிங்கா இன்டிஜரா என்பதையும் அந்த லிஸ்ட்டிடமே கேட்டுவிடலாம்.

உண்மை: ஜாவாவில் முடியாது. 2004இல் ஜாவா 5உடன் வந்த ஜெனரிக்ஸ், கம்பைல் ஆனதும் அந்த விவரத்தை ஆப்ஜெக்டில் விட்டுவைப்பதில்லை. இரண்டு லிஸ்ட்டுக்கும் கிளாஸ் ஒன்றே. ஆனால் ஃபீல்டை அறிவித்த இடத்தில் எழுதிய டைப் கிளாஸ் ஃபைலில் தங்குகிறது. அதை ரிஃப்ளெக்‌ஷனால் படிக்க முடியும். சி ஷார்ப்பிலோ ஆப்ஜெக்டே அதைச் சொல்லிவிடும்.

நம்பிக்கை 4: ரிஃப்ளெக்‌ஷனைத் தொட்டாலே வேகம் போய்விடும்.

உண்மை: ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடுவதுதான் வீண் செலவு. கண்டெடுத்த கன்ஸ்ட்ரக்டரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தினால் பெரும்பாலான வேலைகளுக்கு அது பாரமே இல்லை. பெரிய நிறுவனங்கள் நம்பியிருக்கும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கும் ரிஃப்ளெக்‌ஷனில்தான் ஆப்ஜெக்டுகளை உருவாக்குகிறது.

நேரடியாக எழுதியிருந்தால் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் கம்பைலர் பிடித்திருக்கும். இங்கே அந்தப் பொறுப்பு நம்முடையது. ஃபைலில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் புரோகிராம் தொடங்கும்போதே ஒருமுறை ஆப்ஜெக்டை உருவாக்கிப் பார்த்துவிடுங்கள். பில் போடும் நேரத்தில் வாடிக்கையாளரைக் காக்கவைக்க நேராது.