சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்: புதிய எலக்ட்ரிக் கார் நிறுவனங்கள் தாக்குப் பிடிக்குமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் நடக்கும் விஷயம் இது. இரவு ஷட் டவுன் கொடுப்பீர்கள். "அப்டேட் ஆகிக் கொண்டிருக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்" என்று திரையில் வரும். என்னவோ ஏதோ என்று பயந்து, விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் செய்வீர்கள். இதே செய்தி உங்கள் காரின் திரையில் வந்தால் எப்படி இருக்கும்?

இன்றைய எலக்ட்ரிக் கார்களில் இது சாதாரணம். டெஸ்லா, ரிவியன், ஷாவ்மி என்று நேற்று வந்த நிறுவனங்கள், டொயோட்டா, ஃபோக்ஸ்வேகன் போன்ற பழம்பெரும் நிறுவனங்களோடு மோதத் துணிந்ததற்கு முக்கியக் காரணமும் இதுதான். மோதி ஜெயிக்க முடியுமா? சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால், கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கிறேன்.

காருக்குள் எத்தனை கம்ப்யூட்டர்?

வழக்கமான காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் அல்ல, பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இவற்றை எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் என்பார்கள். எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கண்ணாடியை ஏற்றி இறக்கக்கூட ஒன்று. விலை உயர்ந்த கார்களில் இந்த எண்ணிக்கை நூறைத் தொடும். இவற்றைப் பெரும்பாலும் கார் நிறுவனம் தானே செய்வதில்லை. ஒன்று ஒரு சப்ளையரிடமிருந்து வரும், இன்னொன்று வேறொருவரிடமிருந்து வரும். உள்ளே இருக்கும் புரோகிராமும் அவர்கள் எழுதியதுதான். பத்துக் கடைகளில் பத்து விதமாக வாங்கிய கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது எவ்வளவு தலைவலி என்று, சின்ன அலுவலகம் நடத்துபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டெஸ்லா வேறு வழியில் போனது. சில சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களை மட்டும் வைத்து, முக்கியமான சாஃப்ட்வேரைத் தானே எழுதியது. அதனால் விண்டோஸ் அப்டேட் போல, வீட்டு வாசலில் நிற்கும் காருக்கே இன்டர்நெட் வழியாக அப்டேட் அனுப்ப முடிந்தது.

இதனால் என்ன லாபம் என்பதற்கு ஒரு உதாரணம். 2018 மே மாதம் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் கார் நிற்க 152 அடி தேவைப்பட்டது. இது அதிகம், இந்தக் காரைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதினார்கள். டெஸ்லா சில நாட்களில் ஒரு அப்டேட் அனுப்பியது. அதே காரை மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி குறைந்துவிட்டது! ஸ்பேனர் பிடித்து ஒரு நட்டைக்கூட யாரும் திருகவில்லை. (பிரேக் போன்ற உயிர் காக்கும் விஷயத்தைச் சரியாகச் சோதிக்காமல் ஏன் விற்றார்கள் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. "பிறகு அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம் காருக்கும் வந்துவிட்டது.)

பழைய நிறுவனங்கள் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. ஆனால் சாஃப்ட்வேர் அவர்களுக்கு எளிதில் வசப்படவில்லை. ஃபோக்ஸ்வேகன் 2020-ல் ஐடி.3 என்ற எலக்ட்ரிக் காரைக் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் வாங்கியவர்களுக்குச் சில வசதிகள் இல்லாமலேயே வண்டி போய்ச் சேர்ந்தது. சாஃப்ட்வேருக்கென்றே காரியாட் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கும் தாமதம்தான். அதே குழுமத்தின் போர்ஷே மக்கான் எலக்ட்ரிக் கார் தள்ளிப் போனதற்கும் சாஃப்ட்வேரே காரணம்.

அப்படியானால் புதியவர்கள்தான் ஜெயிப்பார்களா? அவசரப்பட வேண்டாம்.

புரோகிராம் எழுதுவது வேறு, கார் செய்வது வேறு

ஒரு சாஃப்ட்வேரை எழுதிவிட்டால் பத்து லட்சம் காப்பி எடுக்கச் செலவு கிடையாது. காருக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காரையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். தகரம் வளைக்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், கதவு இடுக்கில்லாமல் மூட வேண்டும். டெஸ்லா 2003-ல் தொடங்கிய நிறுவனம். 2018-ல் மாடல் 3 உற்பத்தி இலக்கை எட்ட முடியாமல், கலிஃபோர்னியாவில் உள்ள தன் தொழிற்சாலை வளாகத்தில் பெரிய கூடாரம் போட்டு அதற்குள் கார்களைப் பொருத்தியது. ஒரு முழு ஆண்டுக்கு அது லாபம் காட்டியது 2020-ல்தான். அதாவது 17 வருடம்! அதுவரை முதலீட்டாளர்கள் பணம் போட்டுக் கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி ஆள் கிடைக்காது.

அமெரிக்காவின் ரிவியன் 2024-ல் தயாரித்தது 49,476 வண்டிகள். டொயோட்டா குழுமம் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் விற்கிறது. எண்ணிக்கை அதிகமானால்தான் ஒரு வண்டிக்கு ஆகும் செலவு குறையும்.

சாஃப்ட்வேரிலும் புதியவர்கள் சறுக்குவதுண்டு. 2023 நவம்பரில் ரிவியன் அனுப்பிய ஒரு அப்டேட்டால் பல வண்டிகளின் திரைகள் முடங்கின. தவறான செக்யூரிட்டி சர்டிஃபிகேட் சேர்ந்த ஃபைலை அனுப்பிவிட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டு, சில நாட்களில் சரி செய்தது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சோதனைக்கு வைத்திருந்த ஃபைலை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றிவிட்டு, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். நல்லவேளை, அதற்குச் சக்கரம் இல்லை.

கடையை மூடிவிட்டால்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்கேனர் இருக்கிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்காததால் பரணில் கிடக்கிறது. இதே கதை, பல லட்சம் ரூபாய் காருக்கு நடந்திருக்கிறது.

ஃபிஸ்கர் என்ற அமெரிக்க நிறுவனம் ஓஷன் என்ற எலக்ட்ரிக் காரை ஆஸ்திரியாவில் உள்ள வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கி, 2023-ல் விற்றது. பார்க்க அழகான கார்தான். 2024 ஜூனில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதற்குள் சுமார் 11,000 கார்கள் தயாராகியிருந்தன. மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் கார்களை நியூயார்க்கின் ஒரு வாடகைக் கார் நிறுவனம் மொத்தமாக வாங்க முன்வந்தது. பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அந்தக் கார்கள் ஃபிஸ்கரின் சர்வரோடு கட்டப்பட்டிருந்தன. வேறு சர்வருக்கு அவற்றை எளிதாக மாற்ற முடியாது. கடைசியில் சாஃப்ட்வேர் வசதிக்கென்றே 25 லட்சம் டாலர் தனியாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அது நிறுவனம், சமாளித்தது. சொந்தப் பணத்தில் ஒரு கார் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? சங்கம் வைத்து, உதிரிப் பாகம் தேடி, சாஃப்ட்வேரைத் தாங்களே குடைந்து பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு பெட்ரோல் கார் நிறுவனம் மூடிவிட்டாலும் தெருமுனை மெக்கானிக் அந்தக் காரை ஓட வைத்துவிடுவார். சர்வர் நின்றுபோன காரை அவர் என்ன செய்வார்?

நிலைத்து நிற்பவர்களைப் பார்த்தால், பலருக்கும் காரைத் தவிர வேறொரு வருமானமோ பெரிய பணபலமோ இருக்கிறது. சீனாவின் பிஒய்டி 1995-ல் பேட்டரி செய்யத் தொடங்கி, 2003-ல் கார் தொழிலுக்கு வந்த நிறுவனம். எலக்ட்ரிக் காரில் அதிகம் விலை பிடிக்கும் பாகமே பேட்டரிதான், அது இவர்கள் கையிலேயே இருந்தது. 2023-ன் கடைசி மூன்று மாதங்களில் எலக்ட்ரிக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்தினார்கள். நமக்கு மொபைல் போனால் தெரிந்த ஷாவ்மி, 2024 மார்ச்சில் தன் முதல் காரை அறிமுகம் செய்து, அந்த ஆண்டிலேயே 1,35,000க்கு மேல் கொடுத்துவிட்டது. ஆனால் அதே 2024 பிப்ரவரியில், பணத்துக்குப் பஞ்சமில்லாத ஆப்பிள், பத்து வருடம் முயன்ற கார் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே பணமும் தனியாகப் போதாது.

இன்னொரு திருப்பமும் நடந்தது. காரியாட்டில் தவித்த ஃபோக்ஸ்வேகன், ரிவியனோடு கைகோத்தது. 2024 நவம்பரில் இருவரும் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ஃபோக்ஸ்வேகன் போட ஒப்புக்கொண்ட தொகை 580 கோடி டாலர் வரை. பெரியவருக்குச் சாஃப்ட்வேர் கிடைத்தது, சின்னவருக்கு உயிர் வாழப் பணம் கிடைத்தது. என் கணிப்பில், புதிய நிறுவனங்களில் சிலதான் தனி பிராண்டாக நிற்கும். மற்றவை இப்படிப் பெரியவர்களின் கார்களுக்குள் சாஃப்ட்வேராகப் போய்ச் சேரும்.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2017-ல் தொடங்கிய வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் தொழிற்சாலை திறந்திருக்கிறது. அதன் பின்னால் வின்குரூப் என்ற பெரிய குழுமம் இருக்கிறது. விரைவில் உங்கள் தெருவிலும் ஒன்று நிற்கலாம். எந்தப் புதிய நிறுவனத்தின் காராக இருந்தாலும், டெஸ்ட் டிரைவ் போகும்போது சேல்ஸ்மேனிடம் ஒரு காரியம் செய்து காட்டச் சொல்லுங்கள். காரின் இன்டர்நெட் இணைப்பையும் உங்கள் போன் டேட்டாவையும் ஆஃப் செய்துவிட்டுக் கதவைத் திறக்கட்டும், ஏசியைப் போடட்டும், சார்ஜரைச் செருகட்டும். எது எது வேலை செய்கிறது என்று ஒரு பேப்பரில் குறித்துக் கொள்ளுங்கள். பேட்டரிக்கு எத்தனை வருட வாரன்டி என்று கேட்பது போல, அப்டேட் எத்தனை வருடம் வரும் என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.