ஓடந்துறை காட்டும் வழி

ஊருக்குச் சாலை வேண்டும்; குடிநீர்த்தொட்டி வேண்டும்; தெருவிளக்கு வேண்டும். தேவைகள் பலவாக இருக்க, ஊராட்சியின் சொந்த வருவாயோ சிறிது. எனினும், பொதுநிதி பல வாய்க்கால்களில் வருகிறது. நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் உரியது. அதனைச் சாலைக்குச் செலவிட இயலாது. மக்கள் பிரதிநிதிகளுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் தம் பங்கைச் செலுத்தினால், எஞ்சியதை அரசு ஏற்கிறது. எப்பணிக்கு எந்நிதி பொருந்தும் என அறிந்து இணைப்பதே ஊராரின் திறன்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதற்குச் சான்று. குடிநீர் இறைப்பதற்கும் தெருவிளக்குகளுக்குமான மின்கட்டணம் அதன் வருவாயை விழுங்கிவந்தது. 2006ஆம் ஆண்டில் ஊராட்சி தன் சேமிப்பு 40 லட்சம் ரூபாயுடன் வங்கிக்கடன் 1.15 கோடி ரூபாயைச் சேர்த்து, 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை நிறுவியது. தேவைபோக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்று, அவ்வருவாயால் கடனை அடைத்தது. சேமிப்பு இருந்தமையால் கடன் கிடைத்தது. கணக்கு தெளிவாக இருந்தமையால் கடன் சுமையாகவில்லை.

எப்பணி முதலில், செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து என்னும் மூன்று வினாக்களும் எழவேண்டிய இடம் கிராமசபை. ஊரின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர், 18 வயது நிறைந்து வாக்காளரானதும் அங்கே எழுந்து வினவலாம். வினவுவோர் உள்ள ஊரில் நிதி வீணாவதில்லை.