நாயின் பங்கை முதலில் எடுத்து வைப்போம்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்கு ஆடு வளர்ப்போர் கூட்டம் ஒன்றுக்காகச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் எம்மைத் தம் வளவுக்கு அழைத்துச் சென்றார். கணவரை இழந்தவர். பத்து ஆடுகளே அவரது வருமானம். இரவில் நரிக்கும் கள்ளருக்கும் எதிராக அப்பட்டியைக் காப்பது ஒரு நாய் மட்டுமே. அந்த நாய் விலா எலும்பு தெரியப் படுத்திருந்தது.

“என்னத்தைப் போட்டாலும் வயித்தால போகுது, பாதர். ரவுனில பைக்கற்றுச் சாப்பாடும் வாங்கிக் குடுத்துப் பாத்தன். இன்னும் கூடிப்போச்சு. சந்தையடியில கொண்டுபோய் விடுவமோ எண்டு யோசிக்கிறன்” என்றார்.

நாம் மருந்து எதையும் சொல்லவில்லை. நேற்றுக் காலை முதல் அந்த நாய் உண்டவற்றை வரிசையாகச் சொல்லும்படி கேட்டோம். காலையில் முதல்நாள் சொதி ஊற்றிய பழஞ்சோறு. மதியம் மீன்குழம்பின் அடிமண்டி. பின்னேரம் இரக்கப்பட்டு ஊற்றிய பசுப்பால். இரவு அயல்வீட்டுக் கோழி எலும்பு. நோயின் காரணம் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருந்தது.

இத்தகைய நாய்க்கு நல்ல உணவைத் தெரிவு செய்வது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. சோறு குற்றவாளி அல்ல

நாய்க்கு இறைச்சிதான் ஏற்றது, சோறு ஆகாது என்று சிலர் சொல்வர். இது சரியன்று. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவும், நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரையும் இருப்பதை 2013 இல் வெளிவந்த சுவீடன் ஆய்வாளரின் ஆய்வு காட்டியது. மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து, அவன் உணவை உண்டு பழகியதன் அடையாளம் அது. ஆகவே நன்கு வெந்த சோற்றை நாயின் வயிறு ஏற்கும். சோற்றோடு சேர்த்து நாம் ஊற்றுபவையே கேடு செய்கின்றன.

2. வயிற்றைக் குழப்புபவை

மிளகாய்த்தூள் குடலை எரிக்கும். கட்டித் தேங்காய்ப்பாலும் பொரித்த எண்ணெயும் கொழுப்பு மிகுந்தவை. சில நாய்களில் கணையத்தையே அழற்சியுறச் செய்யும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சமிக்காது. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

வெங்காயத்தைப் பற்றி எம்மவர் பெரும்பாலும் அறியார். அது நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கிறது. உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 5 கிராம் அளவே ஆபத்தாகலாம். 12 கிலோ நாய்க்கு அது 60 கிராம். ஒரு நடுத்தர வெங்காயத்தை விடக் குறைவு. சமைத்தாலும் நஞ்சு நீங்காது. உள்ளியும் அவ்வாறே.

இவற்றோடு திடீர் மாற்றமும் ஒரு காரணம். பொதி உணவு அத்தாயின் நாய்க்கு ஒத்துக்கொள்ளாததற்கு, பழைய உணவை ஒரே நாளில் நிறுத்திப் புதியதை நிறையக் கொடுத்ததும் காரணமாக இருக்கலாம்.

3. ஏழு நாள் முறை

வயிறு குழம்பிய, ஆனால் உற்சாகமாக நடமாடும் வளர்ந்த நாய்க்கு இம்முறை பொருந்தும்.

முதல் மூன்று நாட்கள்: குழைய வெந்த சோறு இரண்டு பங்கு, அவித்து முள்ளும் எலும்பும் நீக்கிய மீன் அல்லது கொழுப்பற்ற கோழி இறைச்சி ஒரு பங்கு. விரும்பினால் அவித்த பூசணி சிறிதளவு. உப்பு, தூள், வெங்காயம், உள்ளி, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரே தடவையில் கொடாமல் நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கவும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் முதல்: தொடர்ந்து கொடுக்க எண்ணும் உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு எனக் கூட்டி, ஏழாம் நாளில் முழுமையாக மாற்றவும். மலம் மீண்டும் இளகினால் ஒரு படி பின்செல்லவும்.

4. நாள்தோறும் கொடுக்கும் உணவு

சோறும் இறைச்சியும் மட்டும் மாதக்கணக்கில் போதா, சுண்ணாம்புச்சத்துக் குறையும். சூடை போன்ற சிறுமீனை முள் மசியும்வரை அவித்துப் பிசைந்து சேர்க்கலாம். அல்லது முட்டைக்கோதை அவித்துக் காயவைத்து மாவாக இடித்து, அரைக் கிலோ உணவுக்கு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். 12 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சமைத்த உணவு ஏறத்தாழ அரைக் கிலோ தேவை. அதை இரு வேளையாக, ஒரே நேரத்தில், ஒரே சிரட்டையால் அளந்து கொடுங்கள்.

இதற்குத் தனி அடுப்பு வேண்டியதில்லை. மீனைச் சட்டியில் போட்டுத் தூளும் வெங்காயமும் சேர்க்கமுன், நாயின் பங்கை எடுத்துத் தனியே அவியுங்கள். மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, முதலில் எடுத்து வைக்கும் வழக்கத்துக்கு வரவேண்டும்.

5. பொதி உணவு வாங்குவோருக்கு

2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதிப் பொதிகள் பல வீடுகளுக்கு எட்டாதவையாயின. வாங்கக் கூடியவர் விளம்பரப் படத்தைப் பாராது, பின்புறத்தைப் படிக்கட்டும். முதலாவதாக எழுதப்பட்டிருப்பது இறைச்சியா, மீனா, சோளமா? வளர்ந்த நாயின் உலர் உணவில் புரதம் 18 வீதத்துக்குக் குறையக் கூடாது. குட்டிக்கு 22 வீதத்துக்கு மேல் வேண்டும். காலாவதித் திகதியைப் பாருங்கள். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்து விற்பதைத் தவிருங்கள். ஈரம் பட்ட தானியத்தில் வளரும் பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும்.

6. உணவால் தீராதவை

எல்லா வயிற்றோட்டமும் உணவினால் வருவதன்று. குடற்புழுக்கள் முக்கிய காரணம். கொழுக்கிப்புழு குட்டியின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்லும்; வெறுங்காலுடன் திரியும் எம் பிள்ளைகளின் தோலிலும் அதன் குடம்பிகள் நுழையும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது நல்லது. அளவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறியவும். மனிதருக்குரிய மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

குட்டி சத்தி எடுத்து, நாற்றத்துடன் இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரசு நோயாக இருக்கலாம். ஏழு நாள் முறைக்குக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வளர்ந்த நாயானாலும் இரத்தம் கழிந்தால், தண்ணீரும் குடியாமல் சோர்ந்து கிடந்தால், அல்லது இரண்டு நாளில் குணம் காணாவிட்டால் தாமதியாதீர்கள்.

இன்னுமோர் எச்சரிக்கை. நாய் விழுங்க முடியாமல் எச்சில் வடித்து, குரல் மாறி நின்றால், தொண்டையில் முள் சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கை விடாதீர்கள். அது விசர்நோயாக இருக்கலாம். எச்சில் காயத்தில் பட்டாலோ கடித்தாலோ 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மூன்று மாதங்களின் பின் அவ்வளவுக்கு மீண்டும் சென்றோம். படலையைத் தொடமுன்னரே அந்த நாய் எம்மைக் குரைத்து நிறுத்தியது. பூச்சி மருந்தும் கொடுத்திருந்தார்கள். எனவே உணவு மட்டுமே குணப்படுத்தியது என்று சொல்லமாட்டோம். அடுப்படியில் ஒரு சிரட்டை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. “அது அவன்ர அளவு” என்றார் அத்தாய்.

குழுவில் கலந்துரையாட

1. நேற்று உங்கள் வீட்டு நாய் உண்டவற்றை வரிசைப்படுத்துங்கள். அவற்றுள் எவை அதன் வயிற்றுக்கு ஆகாதவை?

2. உங்கள் வீட்டில் செலவின்றி நாயின் பங்கை முதலில் எடுத்து வைப்பது எப்படி?

3. கிராமத்து நாய்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்தும் விசர்நோய்த் தடுப்பூசியும் கிடைக்க உங்கள் சங்கம் யாரை அணுகலாம்?