தனிப்பாடம் சொல்லும் தோழர்க்கு

மானசகங்கோத்ரியில் மாலை வகுப்பு முடிந்ததும் நம் தோழர் சிலர் அக்ரஹாரத்துக்குப் புறப்படுகின்றனர். அங்கே ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், கணக்குப் புத்தகமும் உயிரியல் புத்தகமும் விரித்தபடி ஒரு பள்ளிப் பிள்ளை காத்திருக்கும். பள்ளி ஆசிரியர் தனிப்பாடம் நடத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. ஆகவே பெற்றோர் கண் நம் போன்ற மாணவர்மீதும் விழுகிறது. நமக்கும் கைச்செலவுக்கு உதவுகிறது. நல்லதே! ஆனால், ‘எனக்குக் கணக்குத் தெரியும், எனவே சொல்லித்தரவும் தெரியும்’ என்று எண்ணிவிடலாமா?

கணிதமேதை இராமானுசனைவிடக் கணக்குத் தெரிந்தவர் யார்? அவரும் 1914இல் இங்கிலாந்து செல்லுமுன், பிழைப்புக்காகத் தனிப்பாடம் சொல்லிப் பார்த்தவரே. பட்டத் தேர்வுக்கு நுண்கணிதம் கற்க வந்த மாணவரிடம் அவர் முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். தேர்வுக்கு இது உதவாது என்று அம்மாணவர் நின்றுவிட்டார். ஆசிரியரிடம் அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் மாணவர் நின்ற படிக்கு அவர் இறங்கி வரவில்லை.

அதே இராமானுசன் அதற்குமுன் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். அவரை வீழ்த்திய பாடங்களுள் ஒன்று உடலியல். செரிமானம் பற்றிய வினாவுக்கு, ‘இப்பாடம் எனக்குச் செரிக்கவில்லை’ என்ற கருத்துப்பட எழுதி மன்னிப்பும் கேட்டார் என்பர். கணக்கில் மலையேறியவர் உடலியலில் சறுக்கினார். இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்வது ஒன்றே: பிள்ளை எங்கே இடறுகிறது என்று கண்டறிவதே தனிப்பாடத்தின் முதல் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று கேட்கிறோம். பிள்ளை மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. உடனே அதை அடித்துச் சரியான விடையை எழுதிக் காட்டுவது எளிது, பயனோ இல்லை. “ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா, சிறிதா?” என்று கேளுங்கள். சிறிது! கூட்டிய பிறகு குறைந்துபோனது எப்படி? பிள்ளையே திகைக்கும். இப்போது ஆறு துண்டு மைசூர்பாகை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரை என்பது மூன்று துண்டு. மூன்றில் ஒன்று இரண்டு துண்டு. ஆக ஐந்து துண்டு, அதாவது ஆறில் ஐந்து. இனி அந்தப் பிழை எளிதில் திரும்பாது.

உயிரியலிலும் இப்படியே. ‘செடி பகலில் உணவு தயாரிக்கும், இரவில்தான் சுவாசிக்கும்’ என்று பல பிள்ளைகள் நம்புகின்றன. “மண்ணுக்குள் வெளிச்சம் இல்லையே, பகலில் வேர் என்ன செய்யும்?” என்று கேளுங்கள். வேரும் உயிருள்ளது; பகலிலும் பிராணவாயு வேண்டும். நீர் தேங்கினால் பல செடிகளின் வேர் அழுகுவதற்கு இவ்வாயுக் குறைவும் காரணம். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை மிகுவதால் அது நமக்குப் புலப்படுவதில்லை. இதைப் பிள்ளையே படம் வரைந்து நமக்கு விளக்கட்டும்.

இங்கே நமக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளை வேர் என்னும். கன்னடப் பாடநூல் பேரு என்னும். ஆங்கில வகுப்பு ரூட் என்னும். பிள்ளை எம்மொழியில் சிந்திக்கிறதோ அம்மொழியில் பேசவிட்டு, பள்ளி கேட்கும் மொழியில் எழுதப் பழக்கலாம். பெரிய வகுப்பில் இதற்கு நேரம் ஏது?

தனிப்பாடத்தின் ஆற்றலை அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் எடுத்துக்காட்டினார். தனியே கற்ற சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் கற்ற நூற்றுவரில் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினான் என்றார். பயன் அவ்வளவு பெரிதன்று எனப் பிற்கால ஆய்வுகள் கண்டன. எனினும் பயன் உண்டு என்பதை அவை மறுக்கவில்லை. புளூம் கூறிய முறையில் அடிக்கடி சோதித்தல், பிழையைத் திருத்துதல், ஒரு படி தேறிய பின்னரே அடுத்த படி ஏறுதல் ஆகியவை இருந்தன என்பதை நாம் மறத்தல் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுப்பது இவற்றுள் எதுவும் அன்று. அது பிள்ளையை நம் கையை எதிர்பார்க்க வைக்கும். தேர்வு மண்டபத்திலோ நம் கை இராது!

எனவே தோழர்களே, இன்று மாலை அந்தக் கூடத்தில் அமர்ந்ததும் பேனாவைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். குறைவாகப் பேசுங்கள், நிறையக் கேளுங்கள். ‘அண்ணா, இதை நானே போட்டுவிட்டேன், அக்கா, இனி நானே படித்துக்கொள்வேன்’ என்று ஒருநாள் அது சொல்லுமாயின், நமக்கு ஒரு டியூஷன் போகும், ஆனால் நாம் வாங்கிய சம்பளம் நியாயமானதாகும்.