வெள்ளவத்தை மாடியில் வாளித்தோட்டம்: கரம்பொன் பிள்ளையளுக்கு

1. மண்ணைப் பிறகு பாக்கலாம், முதல் தண்ணி. கரம்பொன் இருக்கிற எங்கட தீவில் மழையில் ஊறின நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேல மெல்லிசாய் மிதக்குது. கண்டபடி இறைச்சால் அடியில் கிடக்கிற உவர் மேல வந்திடும். அதாலதான் கோடையில் கிணத்தைப் பாத்துப் பாத்து இறைக்கிறது. வாளியும் ஒரு சின்னத் தீவுதான். குழாய்த்தண்ணியிலும் உரத்திலும் வாற உப்பு, ஈரம் காய்ஞ்சாலும் மண்ணிலேயே தங்கிவிடும். இலை நுனி கருகுறதும் மண்சாடி விளிம்பில் வெள்ளையாய்ப் பூக்கிறதும் அதின்ர அடையாளம். மாதத்தில் ஒருக்கா, அடித்துவாரத்தால் ஓடுமட்டும் ஊத்திக் கழுவிவிடுங்கோ. மழை பெய்யேக்க சாடியை நனையவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

2. துவாரமில்லாத வாளி வேண்டாம். அடியில் கல் போடச் சொல்லுவினம். தேவையில்லை, அது வேருக்குரிய இடத்தைத்தான் பிடிக்கும்.

3. வெறும் மண்ணை நிரப்பினால் இறுகிப்போகும். பாதி மண், மிச்சம் தும்புத்தூளும் நல்லாய் உக்கின மாட்டெருவும். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், ரெண்டு மூண்டு தரம் அலசுங்கோ. 20 லீற்றர் வாளி நனைஞ்சால் 20 கிலோவைத் தாண்டும். பல்கனிக் கம்பியில் தொங்கவிடாமல் சுவரோரம் வையுங்கோ.

4. சோளகம் ஊரில் அடிச்சால் பனையும் கிடுகுவேலியும் மறிக்கும். மரீன் டிரைவில் நாலாம் மாடிக்கு என்ன மறிப்பு? வைகாசி தொடங்கினால் கடலுப்போட நேரே முகத்தில் அடிக்கும். வலை கட்டுங்கோ. காத்தடிச்சு ஓய்ஞ்ச பின்னேரம் இலையில் நல்ல தண்ணி தெளிச்சு உப்பைக் கழுவுங்கோ. பயித்தைக்கொடி, புடோலை மேற்குப்பக்கம் ஏத்தாதேங்கோ.

5. தொடக்கத்துக்கு ரெண்டு வாளி போதும். வெய்யில் குறைஞ்ச இடமெண்டால் வல்லாரை, பொன்னாங்காணி, பசளி. தண்டை ஊண்டினால் தழைக்கும். நாளுக்கு ஐஞ்சாறு மணித்தியாலம் வெய்யில் விழுந்தால் பச்சைமிளகாயோ கத்தரியோ, வாளிக்கு ஒரு கண்டு. ஒண்டில் ரெண்டு நட்டால் ரெண்டும் நோஞ்சான். முருங்கை ஆசையை விட்டுவிடுங்கோ.

6. சாடிக்குக் கீழ தட்டு வைக்கிறதெண்டால் மூண்டு நாளைக்கு ஒருக்கா கவிழ்த்துத் தேய்ச்சுக் கழுவோணும். 2017இல் இலங்கையில் பதிவான டெங்குக்காரர் 186,000 பேருக்கு மேல. முட்டை நுளம்பாகிறதுக்கு ஒரு கிழமை, பத்து நாள் காணும். சும்மா தண்ணியை ஊத்திவிட்டால் விளிம்பில் ஒட்டின முட்டை போகாது.

7. 2022 சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில், தோட்டம் செய்யுங்கோ எண்டு அரசாங்கம் தன்ர ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தது. மிளகாய்க்கு வெள்ளிக்கிழமை தெரியாது. தினம் காலமை கால்மணித்தியாலம் போய் இலையைப் புரட்டிப் பாருங்கோ. வெள்ளை ஈ பெரும்பாலும் இலைக்கு அடியில்தான் இருக்கும். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணியில் கலந்து பின்னேரத்தில் அடிக்கலாம்.

8. திருவிழாவுக்கு ஊருக்கு வாறதெண்டால் பக்கத்துவீட்டில் திறப்பைக் குடுத்திட்டு வாங்கோ. காய்ச்சதில் பாதி அவைக்கு.