மறதியெல்லாம் அல்சைமர் அல்ல!

வீட்டுப் பெரியவருக்கு மறதி வந்ததும் அல்சைமர் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். அதே சாயலில் வரும் வேறு கோளாறுகளும் உண்டு. சிலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

• திடீர்க் குழப்பம்: ஓரிரு நாளில் ஆளே மாறிப் பிதற்றினால் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

• தலையில் அடி: குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டாலும், சில வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். ஸ்கேனில் தெரிந்துவிடும்.

• நடையில் மாற்றம்: பாதம் தரையில் ஒட்டியதுபோல் நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். நீரை வடியவைக்கும் அறுவை சிகிச்சை பலருக்குக் கைகொடுக்கிறது.

• ரத்தப் பரிசோதனை: தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும்.

• இல்லாத உருவங்கள்: "மூலையில் ஒரு குழந்தை நிக்குது" என்று அடிக்கடி சொன்னால் 'லூயி பாடி' என்ற மூளை நோயாக இருக்கலாம். சில மனநல மருந்துகள் இவர்களுக்குக் கடும் பாதிப்பு தரும். மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

• 80 வயதுக்கு மேல்: மெல்ல மெல்லக் கூடும் மறதிக்கு, 2019-இல் பெயர் சூட்டப்பட்ட 'லேட்' என்ற மூளைச் சிதைவும் காரணமாகலாம்.

• மாத்திரைப் பை: தூக்கம், அலர்ஜி மாத்திரைகளும் மறதி தரும். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.