ஆரம்பப் பள்ளியின் அன்றாடச் செய்திகளும் ஊர் மக்களும்

காலை மணி அடித்து இறைவணக்கம் முடிந்ததும், மாணவன் ஒருவன் முன்வந்து அன்றைய செய்திகளை வாசிப்பது நமது நாட்டின் ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். தலைநகரில் நடந்த மாநாடு, தொலைவில் வீசிய புயல், கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு முதலியவை அதில் இடம்பெறும். அதே பள்ளியில் நேற்று எத்தனை குழந்தைகள் வரவில்லை, சமையலுக்கு எடுக்கப்பட்ட அரிசி எவ்வளவு, கைப்பம்பு பழுதாகி எத்தனை நாளாயிற்று என்பன வாசிக்கப்படுவது அரிது. அச்செய்திகள் பதிவேட்டில் ஏறி, வட்டார அலுவலகத்துக்கும் மாவட்டத்துக்கும் மாநிலத் தலைநகருக்கும் சென்று புள்ளிவிவரங்களாகின்றன. பள்ளிக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் பெற்றோருக்கு மட்டும் அவை எட்டுவதில்லை.

மேல்நோக்கி மட்டுமே செல்லும் இச்செய்திகளை ஊரின் பக்கமும் திருப்புவதே பள்ளி மேலாண்மைக் குழுவின் முதற்பணி எனலாம். மற்ற அதிகாரங்கள் யாவும் இதற்குப் பின்னரே பயன்படுகின்றன.

சட்டம் தந்துள்ள இடம்

2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்களது குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்ப இடம் உண்டு. பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் தயாரித்தல், மானியம் செலவாகும் முறையைக் கவனித்தல் ஆகியவை குழுவின் கடமைகள்.

அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று இச்சட்டத்தில் உண்டு. ஆசிரியரின் கடமைகளைக் கூறும் 24-ஆம் பிரிவு, பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட மாதிரி விதிகளோ, குழு மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும், கூட்ட நடவடிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்று குறிப்பிடுகின்றன. ஆகவே, செய்தி தெரிவித்தல் தலைமையாசிரியரின் தயவன்று. அது சட்டக் கடமை.

அரிசிக் கணக்கு ஒரு பாடம்

மதிய உணவை எடுத்துக்கொள்வோம். தேசிய அளவில் இத்திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பல மாநிலங்களில் முதலில் தானியமே வழங்கப்பட்டது. சமைத்த உணவே தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்ட பின்னரே அடுப்பு நாடெங்கும் பரவிற்று. 2021 முதல் இத்திட்டம் பிஎம் போஷண் என வழங்கப்படுகிறது. ஆரம்ப வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது அளவு.

ஒரு பள்ளியில் 80 பேர் பதிவாகி, இன்று 64 பேர் வந்திருப்பதாகக் கொள்வோம். இன்றைய அரிசி 6 கிலோ 400 கிராம். பருப்பு 1 கிலோ 280 கிராம். காய்கறி 3 கிலோ 200 கிராம். நான்காம் வகுப்பு மாணவி செய்யக்கூடிய கணக்கு இது. வந்த தானியம், அது வந்த நாள், செலவான அளவு, உண்ட குழந்தைகளின் எண்ணிக்கை, அன்றைய உணவு ஆகியவற்றைப் பள்ளியில் எழுதிவைக்க வேண்டும் என்று திட்டத்தின் நெறிமுறைகளே கூறுகின்றன. நடைமுறையில் காணப்படுவது பெரும்பாலும் வேறு. சுவரில் வண்ணத்தால் எழுதப்பட்ட உரிமைப் பட்டியல் பளிச்சென்றிருக்கும். சாக்கட்டியால் நாள்தோறும் எழுத வேண்டிய பலகையிலோ சென்ற மாதத் தேதி இருக்கும். பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் முதலில் நோக்க வேண்டியது அந்தச் சாக்கட்டி எழுத்தையே. நாள்தோறும் ஒரே எண் மாறாமல் எழுதப்பட்டிருப்பின், அதிலும் ஐயம் கொள்ளலாம். குழந்தைகள் அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, தானியமோ எரிபொருளோ சமையலரோ இன்மையால் உணவு வழங்கப்படாத நாளுக்கு உணவுப் பாதுகாப்புப் படி தரப்பட வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாட்கள் அடுப்பு எரியாவிடில் மாநில அரசு பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும். அடுப்பு எரியாத நாள் ஊருக்குத் தெரிந்திருந்தால்தானே இவ்வுரிமையைக் கோர இயலும்?

செய்தி எட்டாமையின் விலை சில வேளைகளில் உயிராகவும் அமைகிறது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. பரிமாறுமுன் பெரியவர்கள் சுவைத்துப் பார்ப்பது, சுவைத்தவர் பதிவேட்டில் கையொப்பமிடுவது என்னும் ஏற்பாடுகள் வெறும் சடங்குகள் அல்ல. கையொப்பத்தை மாலையில் சேர்த்துப் போடும் பள்ளியில் அந்த ஏற்பாடு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

பலகையில் ஏறாத செய்திகளும் உண்டு. சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகக் குழந்தைகள் உணவை மறுத்த நிகழ்ச்சிகள் பல மாநிலங்களிலிருந்து வெளிவந்துள்ளன. பந்தியிலிருந்து எழுந்து போனவர் யார், எழுப்பி அழைத்துச் சென்றவர் யார் என்பது அன்று மாலையே ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. ஆயினும் கூட்டக் குறிப்பில் அது இடம்பெறுவதில்லை. இத்தகைய வேளையில் குழுத் தலைவரே முதல் வரிசையில் அமர்ந்து அக்கையால் பரிமாறப்பட்ட உணவை உண்பது, எந்தச் சுற்றறிக்கையையும் விட விரைவில் ஊருக்குச் செய்தி சொல்லும். குஜராத்தில் பிறந்தநாள், திருமணம் முதலிய நாட்களில் ஊரார் பள்ளிக்குச் சிறப்புணவு வழங்கும் ‘திதி போஜன்’ ஏற்பாடும், எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்தால்தான் பொருளுடையதாகும்.

வருகைப் பதிவேடு முன்னறிவிக்கும்

மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் செங்கற்சூளைகளுக்கும், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டவும் ஆண்டுதோறும் செல்கின்றன. தசராவுக்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் தோன்றத் தொடங்கும். ஜனவரியில் ‘இடைநின்றோர்’ என்று எழுதப்படும் இக்குழந்தைகள் யார் யார் என்பது செப்டம்பரிலேயே ஊருக்குத் தெரியும். சென்ற ஆண்டுப் பதிவேடும் அதைச் சொல்லும். பெற்றோர் திரும்பும்வரை குழந்தைகளை ஊரிலேயே தங்கவைக்கும் பருவகால விடுதிகள் ஒடிசாவில் நடத்தப்பட்டுள்ளன. விடுதிக்கு இடமும் சமையலரும் ஏற்பாடாக வேண்டுமெனில், பெயர்ப் பட்டியல் பயணத்துக்கு முன்பே குழுவின் கையில் இருக்க வேண்டும். பாட்டியிடம் விட்டுச் செல்லப்படும் குழந்தைக்கும், சூளைக்கு உடன் செல்லும் குழந்தைக்கும் தேவை வெவ்வேறு. இந்த வேறுபாட்டை வட்டார அலுவலகத்தின் படிவம் அறியாது. பக்கத்து வீட்டார் அறிவர்.

நாகாலாந்தின் சோதனை

செய்தியுடன் அதிகாரத்தையும் ஊரிடமே ஒப்படைத்தால் என்னவாகும் என்பதை நாகாலாந்து சோதித்துப் பார்த்தது. பொது நிறுவனங்களையும் பணிகளையும் சமூகத்தின் பொறுப்பில் விடும் சட்டம் அங்கு 2002-இல் இயற்றப்பட்டது. ஆரம்பப் பள்ளி, சுகாதார நிலையம், மின் வழங்கல் ஆகியவை அதன்கீழ் வந்தன. ஆசிரியர் ஊதியம் கிராமக் கல்விக் குழுவின் வழியே வழங்கப்பட்டது. காரணமின்றி வராத நாளுக்கு ஊதியம் பிடிக்கும் அதிகாரமும் குழுவுக்குக் கிடைத்தது. இம்முயற்சி 2008-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சேவை விருதைப் பெற்றது. ஊர்ப் பற்றும் கிராம மன்றங்களும் வலுவாயுள்ள நாகர் சமுதாயத்தில் இயன்றது, சாதிப் பிளவும் நிலவுடைமை ஆதிக்கமும் நிறைந்த சமவெளிக் கிராமத்தில் அப்படியே இயலும் என்று கருதுவதற்கில்லை. அங்கு ஊதியத்தை நிறுத்தும் அதிகாரம் வலியவர் கையில் சிக்கி, எளிய குடும்பத்து ஆசிரியையை அச்சுறுத்தவும் பயன்படலாம். ஆனால் ஆசிரியர் வந்தாரா என்பதை அறியும் உரிமைக்கு இத்தகைய அபாயம் எதுவுமில்லை. அதனை எங்கும் உடனே வழங்கலாம்.

கூட்டம் எப்போது?

இறுதியாக, சிறியதெனத் தோன்றும் ஒன்று. குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி நேரத்தில், காலை பதினொரு மணிக்கு வைக்கப்படுகின்றன. கூலி வேலைக்குச் செல்லும் தாய் அதில் கலந்துகொள்ள ஒரு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும். ஆகவே அவர் வருவதில்லை. கையொப்பத்துக்காகப் பதிவேடு அவர் வீட்டுக்குப் போகிறது. கூட்டத்தை அந்தி நேரத்துக்கு மாற்றி, சென்ற மாதத் தீர்மானங்களை ஒருவர் உரக்க வாசிக்கச் செய்தால், எழுத்தறியாத உறுப்பினரும் கேள்வி கேட்க இயலும். காலையில் செய்தி வாசிக்கும் மாணவனையே அதற்கும் அழைக்கலாம்.